மிஷனெரிப் பிள்ளைகளும் தூரதேசத்து விடுதியும்: உடனிருப்பவரின் வேலை

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்குள் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (போதகரைச் சபைகளில் ஐயர் என்பார்கள்). அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். ஸ்வார்ட்ஸ் இறந்ததும் சரபோஜி அரியணை ஏறியதும் 1798-ல். அரண்மனைக்குள் இருந்தால் பிள்ளை சரபோஜியின் படிப்பும் பாதுகாப்பும் கெட்டுவிடும் என்று அஞ்சி, 1793-ல் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய் இன்னொரு மிஷனெரியான கெரிக்கே ஐயரின் பொறுப்பில் படிக்க வைத்தவர் ஸ்வார்ட்ஸ். சரபோஜி கடைசிவரை தம் மதத்தில்தான் இருந்தார். ஆனாலும் இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் அவரே.

வீட்டைவிட்டுத் தூரத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு, பெற்றவர் அல்லாத ஒருவர் என்னவாக இருக்க முடியும் என்ற கேள்வி காவிரி டெல்டாவின் கிறிஸ்தவ சபைகளுக்குப் புதியதல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் பள்ளி நடத்தினார். அந்த நாள் தொட்டு போர்டிங் என்கிற விடுதி இந்தப் பக்கத்துச் சபைகளின் வாழ்க்கையில் ஒட்டிய ஒன்று. போர்டிங் பிள்ளை, போர்டிங் அம்மா, போர்டிங் மணி என்று சொன்னால் தரங்கம்பாடியிலோ பொறையாறிலோ விளக்கம் கேட்கிறவர் இல்லை. இங்கே பேசப்போவது அந்தப் போர்டிங்கின் வேறொரு வகை: மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்று அயல்நாடுகளில் நடக்கும் கிறிஸ்தவ விடுதிப் பள்ளிகள், அங்கே விடுதிப் பெற்றோராகவோ வழிகாட்டியாகவோ போக நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை.

இந்தப் பள்ளிகள் பிறந்த காரணம் எளிது. பெற்றோர் ஊழியம் செய்த இடத்தில் பள்ளி இல்லை, காய்ச்சலுக்குப் பயம், தாய்மொழிப் படிப்பு கெட்டுவிடும் என்ற கவலை. சீனாவின் சீஃபூ பள்ளி 1881-லும், நம் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனெரிப் பிள்ளைகளுக்கான பள்ளி 1901-லும், கென்யாவின் கிஜாபேயில் இருப்பது 1906-லும் தொடங்கின. வியட்நாமின் தலாத்தில் 1929-ல் தொடங்கிய பள்ளி போரினால் இடம் மாறி மாறி இப்போது பினாங்கில் இருக்கிறது. ஆறு, ஏழு வயதிலேயே கொண்டுபோய் விடுவது அன்றைய வழக்கம். இப்போது பல குடும்பங்கள் கீழ் வகுப்புகளை வீட்டிலேயே முடித்து, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் அனுப்புகின்றன. இந்த மாற்றம் நல்லது. பிள்ளை தன் துக்கத்துக்குப் பெயர் வைக்கத் தெரிந்த வயதில் பிரிவது வேறு. அதற்கு முன் பிரிவது வேறு.

துக்கம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறோம். அப்பா கம்பெனி வேலைக்காக ஊர் மாறினால் பிள்ளை கம்பெனியைத் திட்டித் தீர்க்கலாம். அப்பா கர்த்தருடைய வேலைக்குப் போயிருக்கிறார், யாரைத் திட்டுவது? கோபப்பட்டால் அது கடவுளிடம் கோபப்பட்டதாகிவிடும் என்று பத்து வயதுப் பிள்ளை தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் அழாமல், கேட்காமல், 'நல்ல பிள்ளை'யாக இருக்கிறது. விடுதியில் எல்லாரும் மெச்சுகிற, எதற்கும் அடம் பிடிக்காத பிள்ளையைத்தான் வழிகாட்டி முதலில் கவனிக்க வேண்டும். "அப்பா அம்மா எவ்வளவு பெரிய ஊழியம் செய்கிறார்கள், நீ அழலாமா?" என்ற வாக்கியத்தை அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் வாயை வருடக்கணக்கில் அடைத்துவிட அது ஒன்றே போதும். சொல்லவே கூடாது.

யார் என்ன பொறுப்பு

ஒரு விடுதி வீட்டில் பெரும்பாலும் பதினைந்து, இருபது பிள்ளைகள் இருப்பார்கள். கணவனும் மனைவியுமாக விடுதிப் பெற்றோர், உதவிக்கு ஒருவர், இவர்களைத் தவிர வழிகாட்டிகள். வழிகாட்டி பெரும்பாலும் இளம் ஆசிரியராக இருப்பார், சில இடங்களில் மூத்த மாணவராகவும். ஒருவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் கொடுத்தால் பெயர் நினைவிருக்கும், பிள்ளை நினைவிருக்காது.

விடுதிப் பெற்றோரிடம் சாவி, நேரம், தண்டனை, அனுமதி எல்லாம் இருக்கும். வழிகாட்டியிடம் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. போனைப் பறித்து வைக்கிறவரிடம், நேற்று இரவு ஏன் அழுதேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஆள் பற்றாக்குறை என்று இரண்டு வேலையையும் ஒருவர் தலையில் கட்டும் விடுதிகளில் வழிகாட்டுதல் காகிதத்தில்தான் நடக்கும்.

கூப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். இந்தப் பள்ளிகளில் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவது பழைய வழக்கம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்கா, அண்ணா இன்னும் இயல்பாக வரும். "என்னை அம்மான்னே கூப்பிடு" என்று பாசத்தில் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் இடம் காலியாகவில்லை. அந்த அம்மா இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உயிரோடு இருக்கிறார்.

முதல் ஆறு வாரம்

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட குறுவைப் பயிர் முதல் ஒரு வாரம் வெளுத்து நிற்கும். பச்சை பிடிக்கட்டும் என்று விவசாயி காத்திருப்பார். பதறிப்போய் உரத்தைக் கொட்ட மாட்டார். புதுப் பிள்ளையை உற்சாகப்படுத்துகிறேன் என்று விளையாட்டு, பாட்டு, சுற்றுலா என்று முதல் வாரத்தை நிரப்புவது வெளுத்த பயிருக்கு யூரியா போடுவது மாதிரிதான். பிள்ளையின் விஷயத்தில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பயிர் முதலில் வெளுத்துப் பிறகு தேறும். பிள்ளை முதல் பத்து நாள் புது இடத்து வேடிக்கையில் நன்றாகவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையில்தான் உடையும். 'நன்றாகப் பழகிவிட்டான்' என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பிய மறுவாரம் அழுகைச் சத்தம் கேட்கும். எனவே மூன்றாம் வாரத்தை நாள்காட்டியில் முன்பே குறித்து வையுங்கள்.

விடும் நாளில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று. கிளம்பும் நேரத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் கிளம்ப வேண்டும். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது கண்ணில் படாமல் நழுவிப் போவது நம் வீடுகளில் சாதாரணம். அம்மா சந்தைக்குப் போகும்போது அது பரவாயில்லை. நான்கு மாதப் பிரிவுக்கு அப்படி நழுவினால், அதன்பின் யார் அறையைவிட்டு வெளியே போனாலும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். படுக்கையை அம்மாவே விரித்துவிட்டுப் போகட்டும். அந்த விரிப்பை முதல் வாரம் துவைக்கப் போடாதீர்கள்.

இரவுக்கான ஒத்திகை பகலிலேயே நடக்க வேண்டும்: கழிவறை எங்கே, எந்த விளக்கு விடிய விடிய எரியும், பயந்தால் எந்தக் கதவைத் தட்டுவது. வாயால் சொன்னால் போதாது. பிள்ளையோடு சேர்ந்து நடந்து, அந்தக் கதவை அதன் கையாலேயே ஒருமுறை தட்ட வையுங்கள்.

படுக்கை நனைவது பத்து, பதினொரு வயதிலும் திரும்ப வரலாம். எல்லா மெத்தைக்கும் நீர் புகாத உறை போட்டுவிட்டால் யாருக்காகப் போட்டது என்ற பேச்சே எழாது. மாற்று விரிப்பு இரண்டு, பிள்ளை தானே எடுக்கும்படி அலமாரியின் கீழ்த்தட்டில். நனைந்ததைப் போடும் கூடையை அறைக்கு வெளியே, எல்லாரும் அழுக்குத்துணி போடும் இடத்திலேயே வையுங்கள். இதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லும் வரக் கூடாது. ஞாயிறு மாலை வயிற்றுவலி என்று வந்தால் முதலில் நர்ஸ் பார்க்கட்டும். வீட்டு ஏக்கம்தான் என்று நாமே முடிவு கட்டி, குடல்வால் வீக்கத்தைக் கோட்டைவிடக் கூடாது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பக்கத்தில் உட்காரலாம்.

வாரத்துக்கு நாற்பது நிமிடம்

வழிகாட்டுதலின் முதுகெலும்பு வாரம் ஒருமுறை நடக்கும் தனிப் பேச்சு. கிழமையும் நேரமும் மாறக் கூடாது. முப்பது, நாற்பது நிமிடம் போதும். எதிரெதிரே நாற்காலி போட்டால் விசாரணை ஆகிவிடும். நடந்துகொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ, திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோ பேசினால் பேச்சு தானாக வரும். எந்த இடமானாலும் மற்றவர் கண்ணில் படும் இடமாகவும், பேச்சு காதில் விழாத தூரமாகவும் இருக்க வேண்டும்.

"எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், நம் ஊரில் அது கேள்வியே அல்ல, வணக்கம். "இந்த வாரத்தில் எந்த மத்தியானம் நீளமாக இருந்தது?", "யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே?", "வீட்டில் இப்போ என்ன நடந்துக்கிட்டிருக்கும்?" போன்ற கேள்விகளுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. பதில் வராவிட்டாலும் நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருங்கள். மூன்று வாரம் ஒன்றும் பேசாத பிள்ளை நான்காம் வாரம் நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லும்.

அந்த நாய்க்குட்டியின் பெயரைக் குறித்து வைக்கத்தான் ஒரு நோட்டு வேண்டும். பாட்டி பெயர், பெற்றோர் இருக்கும் கிராமம், தம்பி தங்கை பிறந்தநாள், முன்பு விட்டுவந்த பள்ளிகள், செத்துப்போன வளர்ப்புப் பிராணி. இவ்வளவுதான். பிள்ளை அழுததையும் ரகசியமாகச் சொன்னதையும் அதில் எழுதாதீர்கள், நோட்டு தொலையும்.

முதல் சந்திப்பிலேயே ரகசியத்துக்கு எல்லை சொல்லிவிட வேண்டும். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை யாராவது காயப்படுத்தினால், நீ உன்னைக் காயப்படுத்திக்கொண்டால், வேறொரு பிள்ளைக்கு ஆபத்து என்றால், சொல்லியே தீருவேன்." பிள்ளை சொல்லி முடித்த பிறகு இதைச் சொன்னால், ஏமாற்றிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கும்.

போன் பேசும் நேரத்திலும் ஒழுங்கு வேண்டும். கிஜாபேயில் மாலை 7 என்றால் இந்தியாவில் இரவு 9:30. பினாங்கில் மாலை 7 என்றால் இங்கே 4:30. ஜெர்மனியில் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். கடிகார மாற்றத்தை மறந்து ஒரு மணிநேரம் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகள் ஒவ்வொரு விடுதியிலும் உண்டு. வாரம் இருமுறை, நேரம் குறித்து. படுக்கப் போகும் நேரத்துக்கு ஒட்டாமல் ஒன்றரை மணி முன்னதாக. போனை வைத்ததும் வரும் அழுகையைக் கரைக்கக் கொஞ்சம் நேரமும் ஒரு வேலையும் வேண்டும். பெற்றோர் இருக்கும் மலைக்கிராமத்தில் சிக்னல் கிடைக்காமல் அழைப்பு வராத நாளும் வரும். அன்று, "அப்பா மறந்திருக்க மாட்டார், டவர் இல்லை போலிருக்கிறது, நாளைக்குக் காலையில் நான் முயற்சி செய்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் காலை அப்படியே செய்ய வேண்டும்.

'சொந்த ஊர் எது?'

கும்பகோணம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. மிஷனெரிப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. பாட்டி வீடு மாயவரம், பிறந்தது ஒடிசாவில், பெற்றோர் இருப்பது இன்னொரு நாட்டில், படிப்பது வேறு கண்டத்தில். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் யூசிம், இப்படிப்பட்டவர்களுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார். பெற்றோர் பண்பாடும் முழுதாக இல்லை, வாழும் நாட்டுப் பண்பாடும் முழுதாக இல்லை. இரண்டுக்கும் இடையில் தங்களைப் போன்றவர்களோடு உண்டாக்கிக்கொண்ட மூன்றாவது ஒன்று.

இந்தக் கேள்விக்கு மூன்று நீளத்தில் பதில் தயாரித்துக்கொள்ளப் பிள்ளைக்குச் சொல்லித்தரலாம். பேருந்துக்காரருக்கு ஒரு சொல், சபையில் கேட்பவருக்கு ஒரு வாக்கியம், நண்பனாகப் போகிறவனுக்கு முழுக் கதை. யாருக்கு எவ்வளவு சொல்வது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

மொழி தேய்வது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பள்ளியில் ஆங்கிலம், பெற்றோரின் ஊழியத்தலத்தில் அந்த ஊர் மொழி, தமிழ் 'சாப்பிட்டியா, தூங்கு' அளவுக்குச் சுருங்கும். நான்கைந்து ஆண்டில் பாட்டியோடு பேச முடியாத பேரன் ஒருவன் ஊருக்கு வருவான். தினமும் இருபது நிமிடம் தமிழ் வாசிப்பு, ஞாயிறு மாலை பாட்டிக்கு மூன்று வரி கையெழுத்துக் கடிதம், மற்ற நாளில் பாட்டியின் குரல் பதிவு. மூன்று வரிக்கு மேல் கட்டாயப்படுத்தினால் கடிதம் தண்டனையாகிவிடும்.

விடுமுறைக் கணக்கும் சிக்கல்தான். மூன்று மாதம் பள்ளி, ஒரு மாதம் வீடு என்று நடத்துவது கிஜாபே மரபு. வேறு பல இடங்களில் நீண்ட விடுமுறை ஜூன், ஜூலையில். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் நேரத்தில் பிள்ளை ஊருக்கு வரும். ஆனால் நம் பள்ளிகள் அப்போதுதான் திறந்திருக்கும். அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில். ஆறு வாரமும் பெரியவர்கள் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும். ஆண்டில் ஒருமுறையாவது கிறிஸ்துமஸை ஒட்டி வரும்படி பயணத்தை அமைத்தால் உறவு பிழைக்கும்.

மாவும் மலையும்

தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தாலும் மாதம் இருமுறை இட்லி செய்வது வீண் வேலையல்ல. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம்; அறுபது இட்லி அளவுக்கு வரும். தஞ்சாவூர் வெயிலில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, ஏழாயிரம் அடிக்கு மேலிருக்கும் கிஜாபேயில் மறுநாளும் கல்லாகக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையால் கலந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் வையுங்கள். அப்படியும் பதினாறு மணி நேரம் பிடிக்கலாம். வெள்ளி மாலை அரைத்தால் சனி இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். அரைக்கும்போது பிள்ளைகள் கூட இருக்கட்டும்; மேசையில் பேசாதது மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வெளியே வரும்.

பாதுகாப்பு

இதில் தயவு தாட்சண்யம் கூடாது. கினியா நாட்டில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளியில் படித்தவர்கள் பல ஆண்டு கழித்து எழுப்பிய புகார்களை விசாரித்த தனி ஆணையம் 1990களின் பிற்பகுதியில் அறிக்கை தந்தது. அடி, அவமானம், பாலியல் கொடுமை. வாய் திறந்தால் பெற்றோரின் ஊழியம் கெட்டுவிடும் என்ற பயம் பிள்ளைகளை அடக்கி வைத்திருந்தது. மேலே சொன்ன அந்த 'நல்ல பிள்ளை' மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே: மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கவே கூடாது. தனி வாட்ஸ்அப் பேச்சு கூடாது; குழுவில், இன்னொரு பெரியவரும் பார்க்கும்படி. தனியாகப் பரிசு கூடாது. பிள்ளை வீட்டுக்கு எழுதுவதையும் பேசுவதையும் யாரும் வடிகட்டக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது, விண்ணப்பத்தில் இருக்கும் மூன்று பெயர்களோடு நிற்காமல், முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நேரடியாகப் பேச வேண்டும். 'ஐயர் சிபாரிசு' போதாது. புகார் சொல்ல விடுதிக்கும் மிஷனுக்கும் வெளியே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் எண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், தெரிந்தும் தெரிவிக்காதவரையே குற்றவாளியாக்குகிறது. நிறுவனத் தலைவருக்குத் தண்டனை கூடுதல். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். வெளிநாட்டில் அந்த நாட்டுச் சட்டம். யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை விமானம் ஏறுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். 'உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

விசுவாசத்தைப் பற்றி ஒன்று. வேத வசனத்தை நூறு முறை எழுத வைக்கும் தண்டனை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த வசனம் அந்தப் பிள்ளைக்கு அத்தோடு செத்தது. ஊருக்கு வரும்போது சபை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வதும், அங்கே கற்ற பாட்டைப் பாடச் சொல்வதும் நம் பக்கத்துப் பழக்கம். முதல் நாளே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் பெற்றோர் பாடட்டும். ஊழியத்துக்கான அழைப்பு பெற்றோருக்குத்தான் வந்தது.

போகும்போதும் வரும்போதும்

இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் வருவதைவிடப் போவது அதிகம். ஆண்டுதோறும் யாராவது ஒரு நண்பன் நாடு மாறுவான். வழிகாட்டியும் போய்விடுவார், அதனால் இரண்டு கல்வியாண்டுக்குக் குறைந்து இந்த வேலைக்கு ஒப்புக்கொள்வது நியாயமில்லை, நடு ஆண்டில் கிளம்புவது அதைவிட மோசம். டேவிட் பாலக் என்பவர் பிரிவுக்கு நான்கு படி வகுத்தார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் தெப்பம் என்று பொருள்படும் சொல் வரும். சண்டை போட்டவரோடு சமாதானம், நன்றிக்குரியவரிடம் நன்றி, ஆள், இடம், பொருள், பிராணி ஒவ்வொன்றிடமும் விடைபெறுதல், போகும் இடத்தை உள்ளபடி எண்ணிப் பார்த்தல். கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். அதிகம் தவறுவது முதல் படியில். எப்படியும் போகப்போகிறேன் என்று பிள்ளை சண்டையை அப்படியே விட்டுவிடும். அது அடுத்த நாட்டுக்கும் கூடவே வரும்.

பதினெட்டு வயதில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் சேர வரும் பிள்ளைக்கு நான்காம் படி மிக முக்கியம். தமிழ் முகம், தமிழ்ப் பெயர். ஆனால் டவுன் பஸ்ஸில் எங்கே ஏறுவது என்று தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கும் பொறுமை இந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். கூடவே, விடுதி அறையிலோ சபையிலோ, இரண்டாவது வாரத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "நீங்க என்ன ஆளுங்க?" 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. பத்து நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே அறையில் வளர்ந்த பிள்ளைக்கு, இது என்னவென்றே புரியாமல், பெற்றோர் மறைத்த ஏதோ அவமானம் என்று தோன்றும். சாதி என்றால் என்ன, சபைக்குள் அது எப்படி ஒளிந்திருக்கிறது, கேட்டால் பதில் சொல்லாமலிருக்க உரிமை உண்டு என்பதைக் கிளம்புமுன் பெற்றோர் சொல்ல வேண்டும். அவர்கள் தயங்கினால் வழிகாட்டி சொல்ல வேண்டும்.

மற்றவை சின்ன ஏற்பாடுகள். திருச்சி விமான நிலையத்துக்கு யார் வருகிறார்கள் என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, இந்திய சிம் மூன்றும் முதல் வாரத்திலேயே. கல்லூரி ஆலயகுருவுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். வழிகாட்டியின் போன் முதல் நாள் வேண்டாம். அன்று எல்லாரும் கூப்பிடுவார்கள். மூன்றாவது ஞாயிறு மாலை, கிஜாபே நேரம் நாலரை, இங்கே ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள்.